வெளுத்துப்போன ரசீது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் சேரும் தாள்களையெல்லாம் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று உங்கள் நாளிதழில் யோசனை சொல்லியிருந்தார்கள். அலுவலகப் பதிவறையில் 31 வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

முதலில் என் வெட்கக்கேடு. பதிவறையில் எந்தக் கோப்பைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். போன மாதம் வீட்டில் வாஷிங் மெஷின் பழுதானபோது அதன் ரசீதைத் தேட இரண்டு நாள் ஆயிற்று. உத்தரவாதம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி. ஒருவழியாக அகப்பட்டது, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்! அந்த வழவழப்பான ரசீதுகளில் மையே கிடையாதாம். சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் நமக்கு எழுத்தாகத் தெரிகிறது. வெயில் பட்டால் மங்கும் என்பது தெரிந்ததுதான். சிலவகைப் பிளாஸ்டிக் உறையே எழுத்தைத் தின்றுவிடும் என்பது எனக்குப் புதுச் செய்தி. பத்திரப்படுத்தியதுதான் நான் செய்த தப்பு.

ஆகவே ரசீதை வாங்கிய அன்றே படம் எடுங்கள், சரி. ஆனால் ஆயிரம் படங்களுக்கு நடுவே அதைப் போட்டுவைத்தால் மேஜைக் குப்பை செல்பேசிக்குக் குடிபோனதாகத்தான் அர்த்தம். '2025-03-14 வாஷிங் மெஷின்' என்று வருடத்தை முன்னால் வைத்துப் பெயரிட்டால் தானாகவே தேதிவாரியாக வரிசையில் நிற்கும். சொத்துப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றின் மூலத்தைத் தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள்.

பதிவறை ஒழுங்காக இருந்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. ஒரு கோப்பை முடிக்கும்போதே எந்த வருடம் அழிக்கலாம் என்று அட்டையில் எழுதிவிடுவோம். வீட்டுத் தாளில் அந்த வருடம் இல்லை. 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கியதெல்லாம்தான் குவியலாகிறது. இப்போது உள்ளே வரும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் வருடம் குறிக்கிறேன். முடிவு செய்ய அரை நிமிடம்கூட ஆவதில்லை.

பழைய குவியலையும் ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தேன். ரப்பர் பேண்ட் உருகித் தாளோடு ஒட்டிக்கிடந்தது, பின்கள் துருப்பிடித்திருந்தன. பதிவறையில் நாடா போட்டுக் கட்டுவது சும்மா இல்லை. கழித்துக்கட்டியது 11 கிலோ. சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம், கணக்குப் போட்டால் 2,200 தாள்! கணக்கு எண் இருந்தவற்றை மட்டும் பொடிப்பொடியாகக் கிழித்தேன்.

வருடம் எழுதாமல் இன்னும் ஒரே ஒரு கட்டு நிற்கிறது, என் இடமாற்ற உத்தரவுகள். "இதுக்கு எந்த வருஷம்?" என்று மனைவி கேட்டாள். பென்சில் முனை உடைந்துவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர்