கீழே வந்ததும் போன் கோல் எடு

அன்புள்ள மகள்,

வெள்ளிக்கிழமை நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் நின்றா. 'எரிமலை' என்ற சொல் காதில் விழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றா. அதனால்தான் "பார்ப்பம், பார்ப்பம்" என்று இழுத்தேன். அப்பா வழக்கம்போல நழுவுகிறார் என்று நினைத்திருப்பாய். இல்லை. மூன்று இரவாக இதைத்தான் போனில் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

பாலியில் உங்களுக்கு நாலு இரவு. அதில் ஒன்றைக் கொடுத்து விடியுமுன் பத்தூர் மலை ஏறுவதா, இல்லை நன்றாக நித்திரை கொண்டு எழும்பிக் கடற்கரைக்குப் போவதா என்பதுதானே கேள்வி. உன் சிநேகிதி ஒருத்தி அதுவும் போதாதென்று ஜாவாவுக்குக் கடந்து ஈஜென் மலையில் நீலத் தீ பார்க்க வேண்டும் என்கிறாள்.

ஈஜெனை முதலில் விடு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கந்தக வாயு எரிவதுதான் அங்கே நீலமாகத் தெரிகிறது. அதைக் கிட்டப் பார்க்க எரிமலை வாய்க்குள் இறங்க வேண்டும், அதற்கு முகமூடி கொடுக்கிறார்கள். உனக்கு ஆறு வயதில் தொய்வு முற்றி, இரவு இரண்டு மணிக்கு ஓட்டோவில் ஆசுபத்திரிக்கு ஓடியது உனக்கு ஞாபகம் இருக்காது. ஆமிச் சென்ட்ரிக்குச் சென்ட்ரி இறங்கி ஏறி, அடையாள அட்டை காட்டி, கடைசியில் நடந்தே போனேன். என் கழுத்தில் நீ சாய்ந்து கிடந்தாய். உன் நெஞ்சு இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது நல்ல சுகம்தான், இன்ஹேலர் எடுத்தே வருசக்கணக்கு என்கிறாய். இருந்தாலும் தொய்வு இருந்த நெஞ்சுக்குக் கந்தகப் புகை ஆகவே ஆகாது. இன்னொன்று, இது என் குணம். எழுபது கிலோவுக்கு மேல் கந்தகக் கட்டியைக் கூடையில் வைத்துத் தோளில் சுமந்து அந்த வாயிலிருந்து ஏறி வருகிற ஆட்களின் படங்களைப் பார்த்தேன். அவர்கள் இருமிக்கொண்டு வேலை செய்கிற இடத்தில் போய் நின்று வேடிக்கை பார்க்க எனக்கு மனம் வராது.

பத்தூர் வேறு கதை. உயரம் 1717 மீற்றர். நம் சிவனொளிபாதமலை 2243. பத்தூரில் நடக்கத் தொடங்குகிற ஏரிக்கரையே ஆயிரம் மீற்றருக்கு மேல் இருக்கிறது. ஆகவே நீ உண்மையில் ஏறப் போவது எழுநூறு மீற்றர், இரண்டு மணித்தியாலம். அடிவாரத்தில் வெங்காயமும் தக்காளியும் போட்ட தோட்டங்கள், அப்புறம் கொஞ்சம் காடு. மேலே போகப் போகக் கறுப்புப் பொடிக்கல், காலை வைத்தால் அரைவாசி சறுக்கி வரும். அந்தப் பொடிக்கல்லுக்கு உன்னுடைய அந்த வெள்ளைச் சப்பாத்து சரிவராது, அடி தேய்ந்து வழுவழுவென்று கிடக்கிறது. போன முறை வந்தபோது நம் கிணற்றடியிலேயே வழுக்கினாய்.

நான் ஒரே ஒருமுறைதான் விடியற்காலை பார்க்கவென்று மலை ஏறியிருக்கிறேன். 2003, சண்டை நின்றிருந்த காலம். துறைமுகத்து ஆட்கள் பன்னிரண்டு பேர், தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாம் கலந்து, வான் பிடித்து ஹட்டன் போய் நல்லதண்ணியில் இறங்கினோம். இரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் என் முழங்கால் கதைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு தேத்தண்ணிக் கடையில் குந்திக்கொண்டிருக்கிறேன், என் அம்மம்மா வயது இருக்கும், வெள்ளைச் சேலை கட்டின ஒரு சிங்களக் கிழவி, வெறுங்காலோடு, வெற்றிலை மென்றபடி என்னைத் தாண்டிப் போனா. போகிற போக்கில் என்னைப் பார்த்துச் சிரித்தா பார், அந்தச் சிரிப்புக்காகவே மிச்சப் படியெல்லாம் ஏறினேன். உச்சியில் என்ன பார்த்தோம் என்கிறாய்? மேகம். பக்கத்தில் நின்றவனின் தொப்பிகூடத் தெரியவில்லை. மலையின் நிழல் முக்கோணமாய் விழும் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். முக்கோணமும் இல்லை, ஒரு கோணமும் இல்லை. ஏழு மணிக்கு வெறும் வெள்ளையாக விடிந்தது. இரண்டு நாள், கப்பல் இழுக்கிற எங்கள் டக் போட்டில் ஏணி ஏறவே கஷ்டப்பட்டேன்.

ஆனால் அந்தப் பயணத்தை வீண் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சூரியனை நம்பி மலை ஏறினால் பாதிப் பேர் ஏமாந்துதான் இறங்குவார்கள். சூரியன் உதிப்பதைப் பார்க்கவென்றால் நீ கோணேசர் கோயிலடிக்கு வந்தால் போதும், கோட்டைக்குள் மானுக்குக் கொஞ்சம் வாழைப்பழத் தோல் போட்டுவிட்டு ஏறினால் பத்து நிமிசம். நீ சின்ன வயதில் பார்க்காத உதயமா? பத்தூரிலும் அதே சூரியன்தான். (1883 இல் கிரகதோவா வெடித்த பிறகு இலங்கையில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததாம். அப்படியென்றால் சொல், நானும் வருகிறேன்.)

இன்னொரு விசயமும் யோசித்தேன். துறைமுகத்தில் இருபத்தாறு வருசம் டக் போட்டில் நின்றவன் நான். கப்பல் எடுக்க வெளியே போகும்போது சுவாமி மலையை வெளிக்கடலிலிருந்து பார்ப்போம். விடியலில் முதல் வெளிச்சம் அந்தச் செங்குத்துப் பாறையில் பட்டு, மேலிருந்து கீழே மெல்ல இறங்கி வரும். கோயிலில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் நிற்பதே அதன் மேல்தானே. பத்தூரும் அப்படித்தான். உச்சியில் நின்றால் அபாங் மலை தெரியும், அகுங் தெரியும், வானம் தெளிவென்றால் கடலுக்கு அப்பால் லொம்பொக் தீவின் ரிஞ்சானி மலையும் தெரியும், பத்தூர் மட்டும் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் பெனெலோக்கான் என்ற இடத்தில் பெரிய வட்டத்தின் விளிம்பில் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கே இருந்த பென்னாம்பெரிய மலை உள்ளுக்கு விழுந்து, பத்துக் கிலோமீற்றருக்கு மேல் அகலமான கிண்ணமாகிவிட்டது. அதற்குள் பிறகு முளைத்த சின்னக் கூம்புதான் நீங்கள் ஏறப் போகிற பத்தூர். பக்கத்தில் ஏரி. கூம்பின் மேற்கில் கறுப்பாகப் பரவிக் கிடப்பது 1963 இலும் அதற்குப் பின்னும் ஓடின எரிமலைக் குழம்பு. ஏறாதவர்களுக்கும் அங்கே நல்ல பங்கு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது கால் நோவென்றால் அவளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எனக்கு அந்த மலையில் பிடித்த விசயம் வேறு. பத்தூர் என்ற கிராமம் முன்பு கீழே, கூம்பின் அடியிலேயே இருந்தது. 1926 இல் குழம்பு வந்து ஊரையும் கோயிலையும் மூடியது. சனம் பெயர்ந்து மேலே விளிம்புக்கு வந்து, அதே பெயரில் ஊர் அமைத்து, ஏரித் தெய்வத்துக்குத் திரும்பக் கோயில் கட்டியது. இன்றைக்கும் பாலியின் வயல்காரர் தண்ணீருக்காக அங்கே போய்க் கும்பிடுகிறார்கள். ஊரை விழுங்கின மலையை விட்டு எட்டப் போய்விடவில்லை, கண்ணுக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் சுனாமி வந்த அந்தக் கடலுக்கு முன்னால்தானே இருக்கிறோம். அந்தக் கோயிலுக்குப் போனால் எனக்காகவும் கொஞ்சம் நில்.

இனிப் பயத்தைப் பற்றி. உன்னைப் பயமுறுத்த அல்ல, நீ கேட்டதால் எழுதுகிறேன். பத்தூர் கடைசியாக வெடித்தது 2000 ஆம் ஆண்டு. பெரும்பாலும் அமைதிதான். ஆனால் ஜப்பானில் ஒன்தாகே என்றொரு மலை, 2014 செப்டெம்பரில், சனிக்கிழமை மத்தியானம், இலை நிறம் மாறுகிறதைப் பார்க்கச் சனம் ஏறி நிற்கும்போது வெடித்து, இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 63 பேர். அன்றைக்கு அதற்கு எச்சரிக்கை ஆகக் கீழான படியில்தான் இருந்தது. கீழே இருந்த தண்ணீர் சூடேறித் திடீரென்று ஆவியாகிப் பிய்த்துக்கொண்டு வருகிற வகை அது. குழம்பு மேலே ஏறி வந்தால் நிலம் அதிரும், வீங்கும், கருவி பிடித்துவிடும். ஆவி வெடிப்பு அப்படி நேரம் தராது. மூடின பானையில் ஆவி எப்போது மூடியைத் தள்ளும் என்று அம்மாவால்கூடச் சொல்ல முடியாது.

சுமாத்திராவில் மராப்பி அப்படியல்ல. அங்கே எச்சரிக்கை இரண்டாம் படி, வாயிலிருந்து மூன்று கிலோமீற்றருக்குள் போகாதே என்று சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் ஆட்கள் ஏறினார்கள். 2023 டிசெம்பரில் அது வெடித்து 24 பேர் போனார்கள். ஒன்தாகேயில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மராப்பியில் சொல்லியும் கேட்கவில்லை. முதலாவதற்கு நாங்கள் செய்ய அதிகம் இல்லை, வாய் விளிம்பில் தேவையில்லாமல் மணிக்கணக்காகக் குந்தியிராமல் இருப்பதைத் தவிர. இரண்டாவது முழுக்க உன் கையில்.

இந்தோனேசியாவில் நாலு படி வைத்திருக்கிறார்கள்: நோர்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மக்மா இந்தோனேசியா என்ற அவர்களுடைய இணையத்தளத்தில் ஒவ்வொரு மலைக்கும் அன்றைய நிலை போடுகிறார்கள். முதல் நாள் பின்னேரம் அதைப் பார். பத்தூர் நோர்மலில் இருந்தால் போ. ஒரு படி கூடியிருந்தாலும், காசு கட்டியாயிற்று, வான் வந்துவிட்டது என்று யாரும் சொல்லக் கேட்காதே.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசெம்பர் 26, சுனாமி வந்த அன்று, பௌர்ணமிப் போயா நாள். முதல் தண்ணி வந்து வளவுக்குள் ஏறி இறங்கிவிட்டது. பிறகு கடல் உள்ளுக்குப் போனது. இத்தனை வருசம் அந்தக் கடலில் வேலை செய்தும் நான் காணாத கல்லெல்லாம் வெளியே தெரிந்தது, பாசியோடு, கறுப்பாக, ஈரம் மினுங்க. ஒரு பாரை மீன் மணலில் துடித்தது. ஆட்கள் இறங்கினார்கள். நானும் நாலு எட்டு இறங்கினேன். உன் அம்மா பின்னால் ஓடி வந்து சாரத்தைப் பிடித்து இழுத்தா, சாரம் அவிழ்ந்தே போய்விட்டது. வெட்கத்தில் திரும்பினேன். அவ்வளவுதான், அந்த வெட்கத்தில்தான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அலையைக் கிளப்பினதும், சுமாத்திராவிலிருந்து ஜாவா, பாலி வரை எரிமலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பதும், கடலடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே நுழைகிற அதே வேலைதான். ஆகவே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றதை நீ சிரிக்காதே.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் எனக்கு மெய்யான பயம் வெடிப்பில் இல்லை, வழுக்கலில். 2025 யூனில் ரிஞ்சானியில் ஒரு பிரேசில் பெண் பாதையிலிருந்து விழுந்தாள், உன்னைவிட இளையவள். களைத்துப்போய்ப் பின்தங்கியிருந்தாளாம், கூட வந்தவர்கள் முன்னே போய்விட்டார்களாம். மீட்க ஆட்கள் போய்ச் சேரும்போது நாட்கள் கடந்து உயிர் போயிருந்தது. பத்தூர் ரிஞ்சானி அளவு கொடியதல்ல. ஆனாலும் வழிகாட்டியிடம் வெளிக்கிடும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஆக மெதுவாக வருகிறவள் முன்னால், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால். எங்கள் பழைய கப்டன் ஐயா ஜெட்டியில் கயிறு அவிழ்க்கும் முன்பே சொல்லிவிடுவார், காற்று இவ்வளவு தாண்டினால் திரும்புவோம், யாரும் என்னோடு கதைக்கக் கூடாது என்று. கடலுக்குள் போனபின் கதைத்தால் எல்லோரும் வீரர்தான். நீங்கள் நாலு பேரும் முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே கதைத்து முடியுங்கள். யாராவது ஒருத்தி போதும் என்றால் அவளோடு இன்னொருத்தி இறங்க வேண்டும்.

உபுட்டில் தங்கி இரவு இரண்டு மணிக்கு வானில் ஏற்றிக்கொண்டு போவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களும் நித்திரை இல்லை, வான் ஓட்டுகிறவரும் நித்திரை இல்லை, மலைப்பாதை. எரிமலையைவிட எனக்கு அந்த வான்தான் பயம். முதல் நாளே ஏரிக்கரையில் தோயாபுங்காவில் போய்ப் படுங்கள். விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பி நடந்தே தொடங்கலாம். இறங்கி வந்தபின் அங்கேயே வெந்நீர் ஊற்று இருக்கிறது, கால் நோவுக்கு நல்லது. நம் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் உனக்கு ஞாபகம் வரும். எரிமலை இல்லாத நம் ஊரில் மழைத்தண்ணி ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்பி வருகிறது. பத்தூரில் அடுப்பே பக்கத்தில்.

ஆகவே என் பதில், போ. உதயத்துக்காகப் போகாதே, அது கிடைத்தால் லாபம். உச்சியில் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆவி வருமாம், வழிகாட்டிகள் அதில் முட்டை அவித்துத் தருவார்களாம். அந்த இடத்தில் கல்லில் கையை வைத்துப் பார், பொறுக்கிற சூடா என்று முதலில் புறங்கையால். எனக்கு அதைத்தான் வந்து சொல்ல வேண்டும். குரங்குகளும் இருக்குமாம், வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே.

இன்ஹேலரை பாவிக்காவிட்டாலும் கொண்டு போ, பையில் அல்ல, சட்டைப் பையில். தலையில் கட்டுகிற லைட்டுக்குப் புது பற்றரி போடு. மேலே குளிரும், அந்த மெல்லிய சால்வையை நம்பாதே. அம்மா கோணேசருக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்துவிட்டா, உன் நட்சத்திரத்தைத் திரும்ப என்னிடம் கேட்கிறா, எனக்கும் எப்போதும் குழப்பம்தான். எழுதி அனுப்பு.

அங்கே ஆறேகால் ஆகும்போது இங்கே மூன்றே முக்கால். வள்ளக்காரர் எழும்புகிற நேரம், நாங்களும் எழும்பித்தான் இருப்போம். உச்சியில் நின்று படம் அனுப்பினால் அம்மா பார்ப்பா. ஆனால் போன் கோல் கீழே வந்தபின் எடு.

அப்பா
திருகோணமலை