வேலை எந்த நாட்டுக்குப் போனது என்று தொழிலாளியைக் கேட்காதீர்கள்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வரி, வர்த்தகச் சட்டங்களைக் கவனிக்கும் வேய்ஸ் அண்ட் மீன்ஸ் குழு, செனட்டின் நிதிக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் மிச்சிகனில் வாகன உதிரிபாகத் துறையில் இருப்பவன். இறக்குமதியாலும் ஆலைகள் வெளிநாடு போவதாலும் வேலையிழந்தவர்களுக்கான டி.ஏ.ஏ. (வர்த்தகச் சீரமைப்பு உதவி) திட்டம் உங்கள் இரு குழுக்களின் பொறுப்பில்தான் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் அது முடங்கிக் கிடக்கிறது. புது மனு கொடுத்தால் தொழிலாளர் துறை வாங்கி வைத்துக்கொள்ளும். விசாரிக்க அதற்கு அதிகாரம் இல்லை. 2022 ஜூனில் வேலை போனவருக்குக் கதவு திறந்திருந்தது, ஜூலையில் போனவருக்கு மூடிவிட்டது.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது சின்ன விஷயமல்ல. தொழிற்பயிற்சிக் கட்டணம், வேலையின்மைப் படி தீர்ந்த பிறகும் பயிற்சிக் காலத்தில் வருமானம், வேறு ஊரில் வேலை கிடைத்தால் குடிபெயரும் செலவில் ஒரு பங்கு. 50 வயதைத் தாண்டி, குறைந்த சம்பளத்தில் புது வேலைக்குப் போனவருக்கு இழந்த சம்பளத்தில் பாதியை, இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை அரசு கொடுத்தது.

சரி, திட்டத்தை மறுபடி தொடங்கினால் போதுமா என்றால், போதாது. தகுதியை முடிவுசெய்யும் விதமே கோணலாக இருக்கிறது. 1962இல் கென்னடி காலத்தில் வந்த முதல் சட்டம், வரிச்சலுகையால்தான் இறக்குமதி கூடியது, அந்த இறக்குமதியால்தான் வேலை போனது என்று இரண்டையும் நிரூபிக்கச் சொன்னது. 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூட உதவி பெறும் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. 1974இல் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். மூன்று தொழிலாளர்கள் சேர்ந்தால் மனு போடலாம் என்ற ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இறக்குமதி எவ்வளவு கூடியது, வாடிக்கையாளர் யாரிடம் வாங்கத் தொடங்கினார் என்ற கணக்கெல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வெல்டிங் செய்தவரிடம் இல்லை.

பெஞ்சமின் ஹைமன் என்ற பொருளியலாளரின் ஆய்வை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். மனுக்களை விசாரிக்கும் அதிகாரிகளில் சிலர் தாராளமானவர்கள், சிலர் கறாரானவர்கள். யாரிடம் மனு போய்ச் சேர்கிறது என்பதை வைத்தே முடிவு மாறியதால், அதை வைத்தே உதவி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று கண்டார். வேறு ஆய்வுகள் இவ்வளவு நல்ல சேதி சொல்லவில்லை என்பதும் உண்மை. எனக்கு அதில் உறுத்துவது அந்த அதிகாரி விஷயம்தான். ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வருமானம், கோப்பு எந்த மேசைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து இருக்கலாமா?

இந்திய வம்சாவளியினரான எங்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. கனெக்டிகட்டில் மென்பொருள் எழுதியவர்களின் வேலை இந்தியாவுக்கு மாறியபோது, மென்பொருள் ஒரு 'பொருள்' அல்ல என்று சொல்லி உதவியை மறுத்தார்கள். வழக்கு நடந்து, 2006இல் தொழிலாளர் துறை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2009இல் சேவைத் துறையினரும் உள்ளே வந்தார்கள். 2021 ஜூலையில் சட்டம் பழைய வடிவத்துக்குத் திரும்பியதும் அவர்கள் மறுபடி வெளியே. ஆலைத் தொழிலாளிக்கும் அதே அடி: வேலை மெக்ஸிகோவுக்குப் போனால் அதுவே போதும், ஏனென்றால் அந்த நாட்டோடு அமெரிக்காவுக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. சீனாவுக்கோ இந்தியாவுக்கோ போனால், அதே மாதிரிப் பொருளின் இறக்குமதி கூடியது அல்லது கூடும் என்றும் காட்ட வேண்டும். வேலை போனவருக்கு வீட்டுக் கடன் இரண்டிலும் ஒன்றுதானே.

அப்புறம், நம் வரிக்குப் பதிலடியாக மற்ற நாடுகள் போடும் வரியால் ஏற்றுமதி படுத்து வேலை போனவர்களை இந்தச் சட்டம் கண்டுகொண்டதே இல்லை. 2018இல் சீனா சோயாவுக்கு வரி போட்டபோது விவசாயிகளுக்கு 12 பில்லியன் டாலர் வரை அரசு உதவி அறிவித்தது, மறு ஆண்டு 16 பில்லியன் வரை. கொடுத்தது தப்பில்லை. அதே சண்டையில் ஆர்டர் இழந்த ஆலைக்காரர் மட்டும் ஏன் விடுபட்டார்?

2022 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய பெரிய மசோதாவில் இந்தத் திட்டம் இருந்தது. ஆகஸ்டில் அந்த மசோதா, உள்நாட்டு சிப் (குறைகடத்தி) உற்பத்திக்கான சிப்ஸ் சட்டமாக வெளிவந்தபோது இந்தத் திட்டம் காணாமல் போயிருந்தது. இந்த முறை தனி மசோதாவாகக் கொண்டுவாருங்கள். எந்த நாடு என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். கணக்குக் காட்டும் பொறுப்பை நிறுவனத்திடம் வையுங்கள். வேலை போய் ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்ற விதியையும் 2022 ஜூலைக்குப் பிறகு வேலை இழந்தவர்களுக்குத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் சட்டம் திரும்பி வந்தாலும் இவர்களில் பெரும்பாலோர் காலம் கடந்தவர்களாகவே இருப்பார்கள்.

இப்படிக்கு,
மிச்சிகன் வாக்காளன் ஒருவன்