சாபத்தைச் சொன்னீர்கள், கணக்கைச் சொல்லவில்லையே

அன்புள்ள நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். சேனல் பெயரைப் போட்டு எழுதாததற்கு மன்னிக்கவும். சனிக்கிழமை ராத்திரி மர்மம் காட்டுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. யூடியூபில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. பழைய எகிப்து ராஜா துட்டன்காமனின் கல்லறையைத் திறந்தவர்களைச் சாபம் கொன்றது என்ற கதையை ஆளுக்கொரு தடவையாவது தோசையாக வார்த்தாயிற்று. யாருக்குப் பொருந்துகிறதோ அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவன். பள்ளிக் கண்காட்சிக்காக என் மாணவி ஒருத்தி துட்டன்காமன் முகமூடி செய்தாள். பலூனை ஊதி, மைதாப் பசை காய்ச்சி, பழைய பேப்பரைக் கிழித்து ஏழெட்டு அடுக்கு ஒட்டினாள். காய்ந்ததும் தங்கக் கலர் பெயிண்ட், மேலே நீலக் கோடுகள். நெற்றியில் பாம்பும் கழுகும் களிமண்ணில். மொத்தம் பதினோரு நாள் வேலை. தாடிதான் நிற்கவே இல்லை. ஐஸ் குச்சியைச் செருகி ஃபெவிகால் போட்டுப் பார்த்தாள், அப்போதும் சாய்ந்தது. “கெய்ரோ மியூசியத்துல நிஜ முகமூடிக்கே 2014-ல தாடி கழண்டுடுச்சும்மா. எபாக்சியை அப்பி ஒட்டிட்டாங்க. அடுத்த வருஷம் அதைச் சுரண்டி எடுத்துட்டுத் தேன்மெழுகு வச்சு ஒட்ட வேண்டியதாப் போச்சு. நீ எவ்வளவோ பரவாயில்ல” என்றேன். அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

உங்கள் நிகழ்ச்சி வந்த மறுநாள் அவள் தம்பிக்குக் காய்ச்சல். அந்த வாரம் தெருவில் பாதி வீட்டில் காய்ச்சல்தான். ஆனால் முந்தின ராத்திரி அந்த வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து உங்களைப் பார்த்திருக்கிறார்கள். கல்லறையைத் தோண்டப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு கொசு கடித்தே செத்தார் என்ற இடத்தில் நீங்கள் போட்ட இசை பாட்டியின் காதில் நின்றுவிட்டது. ஞாயிறு சாயங்காலம் முகமூடியை எடுத்துப்போய், எலுமிச்சம்பழம் சுற்றி, வாய்க்காலில் விட்டுவிட்டார். திங்கட்கிழமை பிள்ளை வெறுங்கையோடு வந்து நின்றாள். “பாட்டி ஆத்தோட விட்டுட்டாங்க சார்.” அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாட்டி மேல் எனக்கு வருத்தமில்லை. பேரனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பார்த்தவர். அவரைப் பயமுறுத்தியவர்கள் மேல்தான்... சரி, மரியாதையாகவே கேட்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சாபக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். அதே நிகழ்ச்சியில், அதே குரலில், நெடுநாள் வாழ்ந்தவர்களின் கணக்கையும் சொல்லுங்கள்.

அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1922 நவம்பர் 26 அன்று தோண்டும் வேலையை நடத்திய தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் கல்லறைச் சுவரில் ஓட்டை போட்டு மெழுகுவர்த்தியை நீட்டிப் பார்த்தபோது, பக்கத்தில் நின்றவர்களில் கார்னர்வனும் அவர் மகள் ஈவ்லினும் உண்டு. கார்னர்வன் 1923 ஏப்ரல் 5 அன்று இறந்தார். கொசுக்கடியைச் சவரக்கத்தி கீறி, சீழ் வைத்து, ரத்தத்தில் விஷம் ஏறி, நிமோனியாவில் முடிந்தது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-இல்தான். இதுவரை நீங்கள் சொன்னீர்கள், பெனிசிலினைத் தவிர. அதே இடத்தில் நின்ற ஈவ்லினுக்கு அப்போது 21 வயது. அவர் இறந்தது 1980-இல், 78 வயதில். இதைச் சொல்ல உங்களுக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்? கல்லறையே கதியென்று கிடந்த கார்ட்டர் அதைத் திறந்தபின் 16 வருடம் வாழ்ந்து 1939-இல், 64 வயதில் இறந்தார்.

டாக்டர் டக்ளஸ் டெரியை விட்டுவிட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1925 நவம்பரில் துட்டன்காமனின் உடலை அறுத்து ஆராய்ந்தவர் அவர். மேலே ஊற்றியிருந்த பிசின் இறுகி, உடல் சவப்பெட்டியோடும் முகமூடியோடும் ஒட்டிக்கிடந்தது. சூடேற்றிய கத்திகளை விட்டுத்தான் பிரித்தார்கள். தலை தனியாக வந்தது, கைகால்கள் மூட்டுமூட்டாகக் கழன்றன. பத்தொன்பது வயதில் செத்த ஒரு பையனுக்கு மூவாயிரம் வருடம் கழித்து நேர்ந்த கதி இது. சாபம் என்று ஒன்று இருந்திருந்தால் முதலில் டெரியைத்தான் பிடித்திருக்க வேண்டும். அவர் 1961 வரை இருந்தார்.

2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. கல்லறை, சவப்பெட்டி, மம்மி என்று திறந்த சமயங்களில் கூட இருந்த மேற்கத்தியர் 25 பேரை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். இறந்தபோது அவர்களின் சராசரி வயது 70. அந்தக் காலத்தில் எகிப்தில் இருந்தும் இவற்றின் பக்கம் போகாதவர்களோடு ஒப்பிட்டதில், ஆயுளில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. நான் வகுப்பில் “திறந்தவர்கள் என்ன ஆனார்கள்?” என்று கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், “எல்லாரும் செத்துட்டாங்க சார்” என்றான். நூறு வருஷம் ஆச்சேடா, வேறென்ன செய்வார்கள்!

இந்தக் கதை எங்கே முளைத்தது என்பதும் உங்கள் தொழிலைச் சேர்ந்த விஷயம்தான். கார்னர்வன் கல்லறைச் செய்திகளை லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு மட்டும் என்று விற்றுவிட்டார். எகிப்துப் பத்திரிகைகள்கூடத் தங்கள் ஊர் ராஜாவின் சேதியை லண்டன் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உள்ளே விடப்படாமல் வெயிலில் நின்ற நிருபர்களும் பக்கத்தை நிரப்பியாக வேண்டுமே. பிரபு இறந்ததும் நிரப்பச் சரக்கு கிடைத்துவிட்டது. கல்லறை வாசலில் எழுதியிருந்ததாக நீங்கள் திரையில் போட்ட அந்தச் சாப வாசகம் அங்கே எங்குமே இல்லை. அப்போது செய்தி சேகரித்த நிருபர்களில் ஒருவரான ஜான் பால்டர்ஸ்டன்தான் பிறகு 1932-இல் ‘தி மம்மி’ படத்துக்குத் திரைக்கதை எழுதினார். அதில் கண் விழித்த பிணம் இன்றுவரை திரும்பப் படுக்கவில்லை. அமெரிக்க அதிபர் ஹூவர் வீட்டு நாய்க்குக்கூட ‘கிங் டட்’ என்று துட்டன்காமனின் செல்லப் பெயர்தான். நூறு வருடம் இந்தப் பையனை வைத்து எல்லோரும் பிழைத்தாயிற்று, நீங்களும் பிழைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மட்டும் கூடச் சொல்லுங்கள் என்கிறேன்.

சொல்ல வந்ததோடு இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் கார்ட்டர் பெயர் எத்தனையோ தடவை வந்தது. மண்ணை அள்ளிக் கொட்டிய எகிப்தியர் ஒருவர் பெயராவது வந்ததா? அகமத் கெரிகர், கத் ஹசன், ஹுசேன் அபு அவத், ஹுசேன் அகமத் சயீத். இந்த நான்கு மேஸ்திரிகளின் பெயரைக் கார்ட்டரே தன் புத்தகத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரருக்கு இருந்த மரியாதைகூட நமக்கு இல்லாமல் போயிற்று. எகிப்தின் செங்கடல் கரையில் குஸைர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்தோடு பானை ஓடுகள் கிடைத்தனவே, அதற்கு ஒரு எபிசோடு போடுவீர்களா? போட மாட்டீர்கள். பானை ஓடு யாரையும் சாகடிக்கவில்லை, டிஆர்பி வராது.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது.

பயமுறுத்துவதுதான் உங்கள் பிழைப்பு என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லறையில் 5,398 பொருள்கள் இருந்தன. சுமார் 130 ஊன்றுகோல்கள். தனித்தனிச் சின்னப் பெட்டிகளில், பிறக்காமலே போன இரண்டு பெண் சிசுக்கள். துட்டன்காமனுடைய பிள்ளைகளாம். இதை எடுத்துச் சொன்னால் சேனலை மாற்றிவிடுவார்களா என்ன?

நிகழ்ச்சி மறுஒளிபரப்பு ஆகும் என்று கீழே ஓடிய எழுத்தில் போட்டீர்கள். தயவுசெய்து அதற்கு முன் கடைசியில் இரண்டே நிமிடம் சேர்த்துவிடுங்கள். ஈவ்லின் 1980, டெரி 1961, கார்ட்டர் 1939. பாட்டி உங்களைத்தான் நம்புகிறார், என்னை இல்லை. அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நேயர், ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்

பி.கு.: நிகழ்ச்சி முழுக்கப் பின்னணியில் கீஸா பிரமிடுகளைக் காட்டினீர்கள். துட்டன்காமன் பிரமிடில் புதைக்கப்படவில்லை. அங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே, லக்ஸர் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்த கல்லறை அது. மறுஒளிபரப்பில் இதையும் பார்த்துக்கொண்டால் நல்லது. பரீட்சையில் இதற்கு நான் மார்க் குறைக்க வேண்டியிருக்கிறது.