மின்னஞ்சல் கையொப்பத்தில் பட்டங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பெயருக்குப் பின் முதலில் பட்டம், அடுத்து தொழில் உரிமம், கடைசியில் சான்றிதழ். பட்டம் நிரந்தரம், மற்றவை காலாவதியாகலாம். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி (PMP) சான்றிதழை 3 ஆண்டுக்கு ஒருமுறை, 60 தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அந்த எழுத்துகளை உடனே எடுத்துவிடுங்கள்.

ஒரே துறையில் உயர்ந்த பட்டம் மட்டும் போதும். முன்னால் 'டாக்டர்', பின்னால் 'பிஎச்.டி.' என இரண்டும் வேண்டாம். ஆய்வேடு ஏற்கப்படும்வரை இரண்டுமே கூடாது.

மூன்றுக்கு மேல் அடுக்கினால் கைபேசியில் வரி மடிந்து, பதவியும் தொலைபேசி எண்ணும் கீழே போய்விடும். பெறுபவர் தேடுவதோ அவற்றைத்தான்!

இன்னொன்று: இவையெல்லாம் கையொப்பத்தில் மட்டுமே. 'அனுப்புநர் பெயர்' இடத்தில் சேர்த்தால், பெயருக்கும் பட்டத்துக்கும் இடையிலுள்ள காற்புள்ளியைச் சில மென்பொருள்கள் இரு முகவரிகளின் பிரிப்பாக எடுத்துக்கொள்ளும். பதில் அனுப்பும்போது பிழை வரும்.