பெய்லர் அந்தரத்தில் நின்றாரா?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடப் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் ரொம்பச் சந்தோஷம். அமெரிக்காவின் லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய எல்ஜின் பெய்லரின் பழைய வீடியோவைக் காட்டியதிலிருந்து எல்லோரும் அந்தரத்தில் நிற்கப் பார்க்கிறார்கள், பாதிப்பேர் பந்தோடே தரைக்கு வந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டேன்.

அந்தரத்தில் யாராலும் நிற்க முடியாதப்பா. 60 சென்டிமீட்டர் எம்பினால் மறுபடி தரை தொடுவதற்குள் 0.7 விநாடிதான். ஆனால் அதில் சரிபாதி, உச்சியை ஒட்டிய 15 சென்டிமீட்டரிலேயே கழிகிறது. பெய்லர் வாழ்ந்தது அந்தப் பாதியில். உயரம் 6 அடி 5 அங்குலம். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் ஃபார்வர்டுக்கு அது பிரமாதமான உயரமில்லை. அதனால் முதலில் தோளாலோ பந்தாலோ ஏமாற்றித் தடுப்பவனை எம்பவைப்பார். அரைக்கணம் கழித்துத் தான் எம்புவார். அவன் இறங்கும்போது இவர் உச்சியில் இருப்பார். பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றுவதும், பலகையில் தட்டிக் கூடைக்குள் அனுப்புவதும் அந்த நேரத்தில்தான். போதாக்குறைக்கு அவர் தலை தானாக வெட்டி இழுக்கும். அது ஏமாற்றா பழக்கமா என்று தடுப்பவனுக்குப் புரியாது!

உன் பையன்கள் தவறுவது, என் கணிப்பில், எம்பிய பிறகு யோசிப்பதால். காலை எடுப்பதற்கு முன்பே இரண்டு வழி தெரிந்திருக்க வேண்டும்: ஒன்று கூடை, அடைபட்டால் பாஸ். இரண்டும் இல்லாமல் எம்பினால் பந்தோடே தரைக்கு வரவேண்டியதுதான், அது டிராவலிங் என்ற விதிமீறல். அடுத்த தப்பு, மேலே போகாமல் முன்னால் பாய்வது. எதிராளியின் மார்பில் மோதி ஃபவுல் வாங்குவார்கள். வலக்கையால் போடுபவன் இடதுகாலை ஊன்றி, கடைசி எட்டைச் சின்னதாக வைத்தால் ஓட்டம் உயரமாக மாறும். முதலில் ஆளில்லாமல், நடந்துவந்தே பழக்கு.

பந்து விழாவிட்டாலும் பெய்லர் விடமாட்டார். தரை தொட்டவுடன் இன்னொரு எம்பு, தன் பந்தைத் தானே பிடித்துவிடுவார். வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 27.4 புள்ளி, 13.5 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). 1961-62 சீசனில் ராணுவப் பணியில் இருந்துகொண்டு, விடுப்பு கிடைத்தபோது வந்து ஆடினார். மொத்தம் 48 ஆட்டம், சராசரி 38.3! அந்த ஆண்டு இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், எதிரணியான பாஸ்டனின் மண்ணிலேயே 61 புள்ளியும் 22 ரீபவுண்டும். இறுதித் தொடரில் 61-ஐ இன்னும் யாரும் தாண்டவில்லை. ஆனாலும் கோப்பை பாஸ்டனுக்கே போனது, ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில்.

முழங்காலை மறந்துவிடாதே. 1965-இல், சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃபில் அவருடைய முழங்கால் சில்லின் மேற்பகுதி பிய்ந்துவிட்டது. அடுத்த சீசன் சராசரி 16.6-க்கு இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு 26.6-க்கு ஏறினார் என்றாலும் பழைய துள்ளல் இல்லை. 1971-72 சீசனில் ஒன்பது ஆட்டத்தோடு விலகினார். அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 ஆட்டம் ஜெயித்து, கோப்பையையும் தூக்கியது. இதைவிடக் கொடுமை உண்டா சொல்லு?

எனவே பையன்கள் இறங்கும்போது முழங்கால் மடங்கி, இரண்டு பாதமும் சேர்ந்து ஊன்றுகிறதா பார். சிமென்ட் தரையில் ஒரு நாளைக்கு இருபது எம்பு போதும். யார் எந்தக் காலில் எம்புகிறான் என்று குறித்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்