லெப்டினன்ட் வார்டுக்கு வழி காட்டியவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த கொடைக்கானல் வரலாறு பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 'லெப்டினன்ட் வார்டு 1821இல் இந்த மலையைக் கண்டுபிடித்தார்' என்ற வரியை ஏற்க முடியவில்லை. பெஞ்சமின் ஸ்வைன் வார்டு கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசின் உத்தரவுப்படி மலையை அளக்க வந்தவர். அவர் மேலேறியது வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தின் வழியாக. ஊரும் பாதையும் ஏற்கெனவே இருந்த இடத்தில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

வார்டின் உழைப்பு சாதாரணமானதல்ல. அதற்கு முன்பே, 1816 முதல் 1820 வரை, கானர் என்ற இன்னொரு அதிகாரியுடன் சேர்ந்து திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தவர் அவர். தரையில் ஒரு மைலுக்கு வரைபடத்தில் ஓர் அங்குலம் என்ற கணக்கில், அந்தக் காட்டுக்குள்! ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வரையும் சம உயரக் கோடுகள் வரைபடங்களில் பரவலாக வராத காலம் அது. சரிவு எங்கே செங்குத்து, எங்கே சாய்வு என்பதைச் சின்னச் சின்னக் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் தீட்டியே காட்டினார்கள்.

ஆனால் ஓர் ஆளால் ஆகிற வேலையா அது? உச்சியில் கொடி நட வேண்டும், பார்வையை மறைக்கும் மரங்களை வெட்ட வேண்டும், கோணம் அளக்கும் கனமான தியோடலைட் கருவியைச் சுமந்து ஏற வேண்டும், அளவுச் சங்கிலி பிடிக்க வேண்டும். அப்புறம், இந்த ஓடைக்கு என்ன பெயர், அந்தக் கணவாய் எங்கே போய் இறங்கும் என்று சொல்ல உள்ளூர்க்காரர் வேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அதிகாரி, கூலியாள் என்ற பேதம் கிடையாது. பெயர் மட்டும் அதிகாரிக்கே நின்றது.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2006 வன உரிமைச் சட்டத்துக்கான விதிகளில் 13ஆம் விதி, கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), நில அளவை அறிக்கை, வரைபடம் போன்ற அரசு ஆவணங்களை உரிமைக்குச் சான்றாக ஏற்கிறது. பழைய வரைபடத்தில் ஒரு குடியிருப்போ தடமோ குறிக்கப்பட்டிருந்தால், அங்கே வாழும் பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்கு அது பெரிய பலம். அந்தத் தாளைத் தேடி மலையிலிருந்து சென்னை ஆவணக் காப்பகத்துக்கு வா என்று அவர்களிடம் சொல்வது நியாயமா?

ஆவணக் காப்பகங்களில் உள்ள மலைப்பகுதி வரைபடங்களை, கூடவே எழுதப்பட்ட குறிப்புகளோடு ஸ்கேன் செய்து, அந்தந்த கிராம சபைக்கே இலவசமாகக் கொடுக்க வேண்டும். உங்கள் இதழ் இந்தக் கோரிக்கையை அரசிடம் எடுத்துச் செல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரியகுளம்.