கிளிமஞ்சாரோ பயணத்தில் ஒரு நாளைக் குறைத்தது தொடர்பான புகார்

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
மலையேற்றப் பயண நிறுவனம்,
சென்னை.

பொருள்: ஏழு நாள் மச்சாமே வழிப் பயணத்தை ஆறு நாளில் முடித்தது, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாதது, போர்ட்டர்களின் டிப்ஸ் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

சென்ற பிப்ரவரியில் உங்கள் நிறுவனம் மூலம் நானும் என் அக்காவும் தான்சானியா சென்று கிளிமஞ்சாரோ ஏறினோம். ஊர் திரும்பியதும் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "மேலிடத்தில் சொல்கிறோம் சார்" என்றார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வந்தது. சிகரம் தொடுவதற்கு நிறுவனம் உத்தரவாதம் தரவில்லையாம், பதிவு நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டுமாம். நான் உத்தரவாதம் கேட்கவே இல்லையே! கேட்ட கேள்வி வேறு. அது உங்கள் காதில் விழவில்லை என்பதால் எழுத்தில் அனுப்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உச்சிக்குப் போய்விட்டேன். 5,895 மீட்டர் உயரத்தில் உஹுரு முனைப் பலகையருகே எடுத்த படமும், இறங்கி வெளியே வரும் ம்வேகா வாசலில் பூங்கா நிர்வாகம் கொடுத்த சான்றிதழும் கையில் இருக்கின்றன. ஆகவே இது 'சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்' ரகக் கடிதம் அல்ல. பாதியில் இறங்க நேர்ந்தது என் அக்காவுக்கு. நீங்கள் மிச்சம் பிடித்த ஒரு நாள் அதற்கு முக்கியக் காரணம் என்பது என் புகார்.

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதல் நாள் மச்சாமே முகாம், அடுத்த நாள் ஷிரா. மூன்றாம் நாள் சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர்வரை ஏறி, 3,960 மீட்டரில் உள்ள பராங்கோவுக்கு இறங்கித் தூங்குவது. நான்காம் நாள் பராங்கோ பாறைச்சுவர் ஏறி கரங்காவில் தங்கல். ஐந்தாம் நாள் கரங்காவிலிருந்து பராஃபு முகாம், அன்று நள்ளிரவில் சிகரத்துக்குப் புறப்பாடு. இறங்கும் வழியில் ம்வேகா முகாமில் ஓர் இரவு. மொத்தம் ஏழு நாள். மற்ற நிறுவனங்கள் ஆறு நாள் திட்டத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தபோதும் நாங்கள் உங்களிடம் வந்தது இந்தக் கரங்கா இரவுக்காகத்தான். பணம் கட்டுவதற்கு முன் போனில் அக்கா இதைக் கேட்டார். "கூடுதல் நாள் உடம்பு உயரத்துக்குப் பழகத்தான் மேடம், அதில் கை வைக்க மாட்டோம்" என்று உங்கள் ஆள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான்காம் நாள் மதியம் கரங்கா போய்ச் சேர்ந்தோம். பாறைச்சுவரில் கையும் காலும் வைத்துத் தொற்றி ஏறிய களைப்பு வேறு. எங்கள் கூடாரங்கள் போடப்பட்டிருக்கும் என்று பார்த்தால், சாப்பாட்டுக் கூடாரம் மட்டும் நின்றது. சூப் குடித்து முடிப்பதற்குள் பைகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று இங்கேதானே தங்குகிறோம் என்று தலைமை வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல், பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த பூங்கா பெர்மிட்டை எடுத்து நீட்டினார். நாட்கள் என்ற இடத்தில் 6 என்று இருந்தது. "எனக்குக் கொடுத்தது இவ்வளவுதான். இங்கே தங்கினால் வாசலில் நான் பதில் சொல்ல வேண்டிவரும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மலையடிவார ஊரான மோஷியில் உங்களிடம் துணை ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் கொடுத்த காகிதத்தை அவர் சுமந்து வந்தார், அவ்வளவுதான்.

அந்த 6-க்குப் பின்னால் இருக்கும் கணக்கை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியட்டும். கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் நாளுக்கு 70 டாலர். கூடாரத்தில் தங்குவதற்கு இரவுக்கு 50 டாலர். இரண்டுக்கும் மேல் 18 சதவீத வரி. ஒரு நாளும் ஓர் இரவும் குறைந்தால் ஆளுக்கு 141 டாலர் 60 சென்ட் மிச்சம். வழிகாட்டிகள், சமையல்காரர், போர்ட்டர்கள் எல்லாருடைய ஒரு நாள் கூலியும் சாப்பாடும் தனி. எங்களிடம் ஏழு நாளுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு பூங்காவில் ஆறு நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள். இடையில் நின்ற பணம் மோஷியில் நின்றதா, சென்னையில் நின்றதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு ரசீது கொடுத்தது நீங்கள்.

கரங்காவில் தங்கிப் போனாலும் தங்காமல் போனாலும் பராஃபு அதே உயரம்தானே, இதில் என்ன வித்தியாசம் என்று உங்கள் ஆள் போனில் கேட்டார். மலையேற்றம் விற்பவர் கேட்கிற கேள்வியா இது? 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது உயர மலை மருத்துவத்தில் எல்லாரும் சொல்லும் வழிகாட்டுதல். கரங்கா சுமார் 3,995 மீட்டர், பராங்கோவுக்குக் கிட்டத்தட்ட சமம். அங்கே தங்கினால் உடம்புக்கு அதே உயரத்தில் இன்னோர் இரவு கிடைக்கும். மறுநாள் மூன்று நான்கு மணி நேர நடையில் மதியத்துக்குள் பராஃபு போய், மாலைவரை படுத்து எழுந்து, நள்ளிரவில் கிளம்பலாம். நாங்கள் இரண்டு நாள் நடையை ஒரே நாளில் நடந்து, பொழுது சாயும் நேரத்தில் 4,673 மீட்டர் உயரத்துக்குப் போய் விழுந்தோம். இரவு 11 மணிக்கு எழுப்பிவிட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் காற்று கூடாரத்தை அடித்த அடியில் கண் மூடியிருந்தால் அதிசயம்.

பராஃபுவில் அக்காவுக்குத் தலைவலி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. காலையும் மாலையும் விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவு பார்ப்போம் என்று உங்கள் திட்டத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஷிராவுக்குப் பிறகு அந்தக் கருவி வெளியே வரவில்லை. கேட்டால் பேட்டரி போய்விட்டது என்றார்கள். மாற்றுப் பேட்டரி? இல்லை. "அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர்" என்றும் போட்டிருக்கிறீர்கள். அது எங்கே என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதே மோஷி நிறுவனத்தின் இன்னொரு குழு லெமோஷோ வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு குழுவுக்கும் சேர்த்து ஒரே சிலிண்டர், அது அவர்களிடம். அவர்கள் அன்றிரவு எங்களுக்கு ஒரு முகாம் பின்னால் இருந்தார்கள்.

நள்ளிரவில் கிளம்பி, 5,200 மீட்டர் வாக்கில் அக்காவின் நடை தள்ளாட ஆரம்பித்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் முன்னால் போனவரின் பூட்ஸையே பார்த்து நடந்துகொண்டிருந்த நான் அதைக் கவனிக்கும் முன்பே உதவி வழிகாட்டி கவனித்துவிட்டார். அக்காவை நேராக நிற்கச் சொல்லி, ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரலோடு ஒட்டி வைத்து நாலு அடி நடக்கச் சொன்னார். அக்காவால் முடியவில்லை. உயரத்தில் நடை தள்ளாடுவது மூளை வீக்கத்தின் அறிகுறி, அதற்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவதுதான். அவர் ஒரு நொடி யோசிக்காமல் அக்காவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ போய்ட்டு வாடா, ரெண்டு பேரும் இறங்கினா கட்டின காசு தண்டம்" என்று அக்கா அந்த நிலையிலும் திட்டினார். பராஃபுவில் நிறுத்தாமல் இன்னும் கீழே கொண்டுபோனார்கள். இறங்க இறங்க வாந்தி நின்றது. மதியம் ம்வேகா முகாமில் நான் போய்ச் சேர்ந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் கோப்பில் அந்த உதவி வழிகாட்டியின் பெயர் இருக்கும். பாராட்டுக் கடிதம் எழுதும் வழக்கம் உங்களிடம் இருந்தால் அவருக்கு எழுதுங்கள்.

இறங்கியதும் சரியாகிவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். கரங்காவில் தூங்கியிருந்தால் அக்கா கட்டாயம் உச்சி தொட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஏழாம் நாள் இருந்தும் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாய்ப்புக்குத்தான் நாங்கள் கூடுதல் பணம் கொடுத்தோம். வாய்ப்பை எடுத்துக்கொண்டு பணத்தையும் வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

சாப்பாட்டைப் பற்றிப் புகார் இல்லை. உங்கள் திட்டத்தில் "தென்னிந்திய உணவு, சூடான சாம்பார்" என்று இருந்ததைப் படித்தபோதே சிரித்துக்கொண்டோம். பராஃபு உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதில் துவரம்பருப்பு எப்போது வேகும்? அந்தச் சமையல்காரர் கொடுத்த பூசணி சூப்புக்கே அவருக்குக் கோயில் கட்டலாம். வாடகைக்குத் தந்த தூக்கப் பைகளில் ஒன்றின் ஜிப் அறுந்திருந்தது, படம் இணைத்திருக்கிறேன்.

போர்ட்டர்கள் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மச்சாமே வாசலில் ஒவ்வொரு சுமையையும் தராசில் போட்டு 20 கிலோவுக்கு மேல் இல்லை என்று பார்த்துத்தான் விடுகிறார்கள், அதுவரை சரி. ஆனால் எங்கள் போர்ட்டர்களுக்கு எனத் தனியாகத் தூங்கும் கூடாரமே கொண்டுவரவில்லை. நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும் சாப்பாட்டுக் கூடாரத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, அந்தத் தரையில்தான் படுத்தார்கள். தண்ணீர் கிடைக்கிற கடைசி இடம் கரங்கா. எங்களுக்காக அங்கிருந்து பராஃபுவரை தண்ணீர் கேனைத் தலையில் சுமந்து வந்த இளைஞரின் ஷூவில் முன்பகுதி வாய் பிளந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தது.

கடைசி நாள் காலை ம்வேகாவில் எல்லாரும் வட்டமாக நின்று பாடி ஆடினார்கள். அது டிப்ஸ் கொடுக்கும் நேரம் என்பது எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏனென்றால் எங்கள் ரசீதில் "டிப்ஸ் உட்பட" என்று இருக்கிறது. அதை வழிகாட்டியிடம் சொன்னதும் அந்த வட்டத்தில் பாட்டு நின்றுபோன விதத்தை நான் இங்கே எழுத விரும்பவில்லை. தங்களுக்கு அப்படி எந்தப் பணமும் வராது, வந்ததும் இல்லை என்றார்கள். கிளிமஞ்சாரோவில் கூலியை விட டிப்ஸை நம்பித்தான் பலர் சுமை தூக்குகிறார்கள். எங்களிடம் இருந்த டாலர் நோட்டுகளைத் தேடி எடுத்து 300 டாலர் கொடுத்தோம். அது போதாது என்பதும் தெரியும். போர்ட்டர்களின் கூலி, சாப்பாடு, கூடாரம் சரியாக இருக்கிறதா என்று கண்காணிக்க மோஷியிலேயே கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. சரியாக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலையும் அது வெளியிடுகிறது. அடுத்த முறை துணை ஒப்பந்தம் போடும்போது அந்தப் பட்டியலைப் பார்ப்பது உங்களுக்கு அவ்வளவு பெரிய வேலையா?

நான் கேட்பது இதுதான். குறைத்த நாளுக்கான பூங்காக் கட்டணம் ஆளுக்கு 141.60 டாலர் வீதம் இருவருக்கும் திரும்ப வர வேண்டும். "டிப்ஸ் உட்பட" என்று வாங்கிய தொகை யாருக்குப் போனது என்பதைக் கணக்கோடு காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் நாங்கள் கையிலிருந்து கொடுத்த 300 டாலரைத் திருப்பிக் கொடுங்கள். சொன்ன நாளும் சொன்ன கருவியும் சொன்ன சிலிண்டரும் இல்லாமல் அழைத்துப் போனதற்காக அக்காவின் பயணக் கட்டணத்தில் பாதியைத் தர வேண்டும். பெர்மிட்டில் 6 என்று போட யார் சொன்னது என்பதற்கு உங்கள் கையொப்பத்துடன் எழுத்தில் பதில் வேண்டும். இனி வாட்ஸ்அப் வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நிபந்தனைகளில் ஏதோ ஒரு மூலையில் "வழக்குகள் சென்னையில் மட்டுமே" என்று போட்டிருக்கிறீர்கள். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இந்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டிய சேவைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, எனக்கு அவசரமில்லை.

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது, கரங்காவில் நான் எடுத்த பெர்மிட்டின் படம், தூக்கப் பையின் படம், வாட்ஸ்அப் பதிலின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பெர்மிட் படத்தில் வழிகாட்டியின் பெயரை மறைத்திருக்கிறேன். அதைக் கேட்டு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பிப்ரவரி மச்சாமே பயணம், இரண்டு பேர் பதிவு)